முயலகனும் மூளையின் மின்சாரமும்

(கடலூரில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



காக்காய் வலிப்பு என்னும் வியாதியைப் பற்றியும், அதைச் சோதித்துப் பார்ப்பதற்காக மூளையின் மின்சாரத்தைக் கோடு கோடாக எழுதிக் காட்டுகிற கருவியைப் பற்றியும், அதற்குள்ள வைத்தியத்தைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்லலாமென்று வந்திருக்கிறேன். நான் டாக்டர் அல்ல. டாக்டர்கள் எழுதியதைப் படித்தும், ஆஸ்பத்திரி வாசல்களில் நின்று பார்த்தும் தெரிந்து கொண்டதைச் சொல்லுகிறேன். ஆதலால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொண்டு விடாதீர்கள். உங்கள் வீட்டிலும் தெருவிலும் நீங்கள் கண்டதோடு ஒத்திட்டுப் பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வியாதியைப் பற்றிப் பேச டாக்டர்கள் இருக்கும்போது பொதுக்கூட்டத்தில் உனக்கென்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஜுரம் வந்தால் யாரும் கதவைச் சாத்துவதில்லை. நீரிழிவு வந்தவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்; சிலர் அதைப் பெருமையாகக் கூடச் சொல்லுகிறார்கள். வலிப்பு வந்தால் மட்டும் முதலில் கதவைச் சாத்துகிறார்கள். பிறகுதான் தண்ணீர் தெளிக்கிறார்கள். கதவைச் சாத்த வைக்கிற வியாதிக்கு டாக்டர் மாத்திரம் போதாது. அதனால்தான் நான் வந்திருக்கிறேன்.

இது எங்கோ ஒருவருக்கு வருகிற வியாதியும் அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் தங்கள் ஜில்லாவில் 50,000 பேருக்கு மேல் வீடு வீடாக விசாரித்து, 2006-இல் கணக்கு வெளியிட்டார்கள். அதன்படி ஆயிரத்துக்குச் சுமார் நான்கு பேருக்கு வலிப்பு நோய் நடப்பில் இருந்தது. நமது கடலூர் மாவட்டத்தின் ஜனத்தொகை 2011 கணக்குப்படி 26 லட்சம். வேலூர்க் கணக்கையே இங்கும் வைத்துப் பார்த்தால் நமது மாவட்டத்தில் மாத்திரம் சுமார் பத்தாயிரம் பேர் ஆகிறது. இந்தக் கூட்டத்திலேயே இரண்டொருவர் இருக்கக்கூடும். அவர்கள் யாரென்று நான் கேட்கப்போவதில்லை.

சென்ற வாரம் சிதம்பரத்தில் இதே விஷயத்தைப் பேசியபோது ஒரு பெரியவர் எழுந்து, “ஐயா, இதற்கு முயலகன் என்று பெயர். எங்கள் ஊரிலேயே நடராசர் அவனைக் காலில் போட்டு மிதித்துக் கொண்டிருக்கிறார். நீங்கள் மின்சாரம் என்கிறீர்களே!” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார், அவருக்கு மரியாதையாகவே பதில் சொன்னேன். அந்தப் பதிலை இங்கும் சொல்லுகிறேன்.

பெரியவர் சொன்ன பெயர் வாஸ்தவம். நடராசர் காலின் கீழ்க் கிடக்கிற குள்ளனுக்குத் தமிழில் முயலகன் என்றும், வடமொழியில் அபஸ்மாரம் என்றும் பெயர். இவ்விரண்டுமே வலிப்பு நோய்க்கும் பெயர்கள். கொல்லி மழவன் என்னும் சிற்றரசன் மகளுக்கு முயலகன் கண்டு, திருச்சிக்குப் பக்கத்தில் திருவாசி என்று இப்போது வழங்குகிற ஊரில் சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்று பெரியபுராணத்தில் கதை இருக்கிறது. அக்காலத்து ஜனங்கள் நன்றாயிருந்த பிள்ளை திடீரென்று அலறி விழுந்து, கண் செருகி, கை கால் வெட்டி, நுரை தள்ளுவதைப் பார்த்தார்கள். சற்று நேரம் கழித்து அதே பிள்ளை ஒன்றும் அறியாததுபோல் எழுந்து உட்கார்ந்தது. உள்ளே யாரோ புகுந்து வெளியே போனான் என்று அவர்கள் நினைத்ததில் நான் குற்றம் சொல்லமாட்டேன். மூளையைத் திறந்து பார்க்க அவர்களிடம் என்ன இருந்தது? ஆனால் நம்மிடம் இருக்கும்போதும் நாம் அதையே நினைத்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது? அன்றியும், இத்தனை நூற்றாண்டாக ஒரு கால் அவன் முதுகை விட்டு எடுபடவில்லை என்றால், அதே ஊர்த் தேரோடும் வீதியில் பூக்கட்டுகிறவள் பிள்ளையின் மேல் அவன் எப்படி வந்து ஏறுகிறான்? நான் கேட்டது இவ்வளவுதான். பெரியவர் சிரித்துவிட்டார்.

பேயை விட்டாலும் இரும்பை விடமாட்டேன் என்கிறவர்கள் அநேகர். கடைத்தெருவில் ஒருவன் விழுந்தால் பத்துப்பேர் சாவிக்கொத்தை நீட்டுகிறார்கள். சாவியைக் கையில் வைத்தவுடன் நின்றதே, நான் கண்ணால் பார்த்தேனே என்று சத்தியம் செய்கிறார்கள். அவர்கள் பார்த்தது பொய்யல்ல. பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். விழுந்தவனைச் சுற்றிக் கூட்டம் கூடி, ஆளுக்கு ஆள் மடியைத் தடவிச் சாவி தேடி எடுப்பதற்குள் அந்த ஒன்றிரண்டு நிமிஷம் ஆகிவிடுகிறது. சாவிக்குப் பதில் ஒரு கத்திரிக்காயை வைத்தாலும் நின்றிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்களே, இந்தக் காக்காய் வலிப்புக்கு அதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை. (கால் கை வலிப்பு என்பதுதான் பேச்சில் காக்காய் வலிப்பு ஆயிற்று என்று சிலர் சொல்லுகிறார்கள். அப்படியானால் பாவம், காக்கைக்கு இதில் சம்பந்தமே இல்லை.)

சாவி வைப்பதால் வீண் என்பதோடு போயிற்று. பல்லுக்கிடையில் கரண்டியைத் திணிப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும், கை காலை நாலுபேர் அழுத்திப் பிடிப்பதும் அபாயம். பல் உடையும், தண்ணீர் மூச்சுக்குழலில் போகும், எலும்பு முறியும். செய்ய வேண்டியது மிகச் சொற்பம். பக்கத்திலிருக்கிற கல்லையும் அடுப்பையும் விலக்குங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். வெட்டு நின்றதும் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வடியும். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காவிட்டாலும், நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலும் 108-க்குச் சொல்லி அனுப்புங்கள். இவ்வளவு செய்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். சும்மா நிற்பதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம்.

நிற்க. உள்ளே என்னதான் நடக்கிறது? நமது மூளையில் கோடிக்கணக்கான நுண்ணிய அணுக்கள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று மிகமிகச் சிறிய மின்சாரத்தால் சேதி சொல்லிக்கொள்ளுகின்றன. சாதாரணமாய் ஒவ்வொன்றும் தன் தன் வேலையில், தன் தன் நேரத்தில் பேசும். சந்தையில் ஆயிரம் பேர் பேசும் இரைச்சலைப் போல் இருக்கும். ஏதோ ஒரு காரணத்தால் ஒரு பகுதி அணுக்கள் எல்லாம் ஒரே சமயத்தில், ஒரே தாளத்தில் கத்த ஆரம்பித்து, அது பக்கத்திற்கும் பரவினால் அதுவே வலிப்பு. கையை ஆட்டுகிற பகுதியில் நடந்தால் கை வெட்டும். மூளை முழுதும் பரவினால் ஆள் விழுவான். நினைவைத் தாங்குகிற இடத்தில் நடந்தால், விழாமலே சற்றுநேரம் பித்துப் பிடித்தவன்போல் சட்டையைத் தடவிக்கொண்டும், வாயை மென்றுகொண்டும் இருப்பான். சாமி வந்தது, காற்று அடித்தது என்று நம் ஊரில் சொல்லுகிற சில சங்கதிகள் இந்த வகையில் சேரும்.

இது மூளையின் வியாதியென்று கிரீஸ் தேசத்து ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்குகிற நூல் சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. அந்த நாட்டில் அப்போது இதற்குத் தெய்வ வியாதி என்று பெயர். மற்ற வியாதிகளைவிட இதில் தெய்வீகம் ஒன்றும் அதிகமில்லை, காரணம் தெரியாததால் ஜனங்கள் தெய்வத்தின் தலையில் போடுகிறார்கள் என்று அந்நூல் வாதாடுகிறது. ஆனால் கண்ணால் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. 1875-இல் இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்து ரிச்சர்ட் கேட்டன் என்னும் டாக்டர் முயல், குரங்கு இவற்றின் மூளையில் மின்சாரம் ஓடுவதைக் கருவியால் கண்டு சொன்னார். மனிதன் மூளையில் கண்டவர் ஜெர்மனியில் ஜேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர். அவர் கதை கேட்கத்தக்கது.

பெர்கர் இளம்வயதில் பட்டாளத்தில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்றைக்கே அவர் தகப்பனாரிடமிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. தூரத்திலிருந்த அவர் சகோதரிக்கு, உடன்பிறந்தவனுக்கு ஏதோ அபாயம் என்று மனதில் பட்டதாம். மனம் மனத்தோடு கம்பியில்லாமல் பேசுகிறது, அந்தச் சக்தியை அளந்து காட்டுகிறேன் என்று பெர்கர் கிளம்பினார். பல வருஷம் பாடுபட்டார். 1924-இல் மனிதன் தலையிலிருந்து மின்சார அலையை எழுதிப் பார்த்தார், தன் மகன் தலையிலும் எழுதினார், 1929-இல் வெளியிட்டார். மனத்துக்கு மனம் போகிற சக்தி அதில் ஒன்றும் அகப்படவில்லை. கண்ணை மூடிச் சும்மா இருந்தால் நொடிக்குப் பத்துத் தடவை போல் எழுந்து விழுகிற அலைதான் அகப்பட்டது. கண்ணைத் திறந்தால் அது அடங்கிற்று. தேடினது கிடைக்கவில்லையே என்று அவர் புரட்டு ஏதும் செய்யவில்லை. கிடைத்ததைக் கிடைத்தபடி எழுதி வைத்தார். முதலில் அநேகர் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் தாங்களே செய்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே உலகம் ஒப்புக்கொண்டது. மறு வருஷமே அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் என்பவர்கள், குழந்தைகள் சில நொடி விழித்தபடி நினைவிழக்கிற சிறு வலிப்பில் நொடிக்கு மூன்று தடவை ஈட்டியும் அலையுமாக வருகிற கோட்டைக் காட்டினார்கள். முயலகனின் கைரேகை அன்று அகப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைக்குத்தான் இப்போது ஈ.ஈ.ஜி. என்று பெயர். இதைக் கண்டு நம்மவர்கள் பயப்படுகிறார்கள். தலையில் ஒயர் வைக்கிறார்கள் என்றவுடன் ‘கரண்டு வைக்கிறார்கள்’ என்று ஓடுகிறார்கள். அது கரண்டு கொடுக்கிற கருவி அல்ல, வாங்கிப் பார்க்கிற கருவி. தலையில் இருபது இடம் போல் சிறு வில்லைகளைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். தலைமேல் கிடைக்கிற மின்சாரம் எவ்வளவு தெரியுமா? டார்ச்சு லைட்டில் போடுகிற ஒரு செல்லின் பலத்தை முப்பதாயிரம் பங்கு போட்டு அதில் ஒரு பங்கு. அதைக் கருவி பெருக்கிக் கோடாக எழுதுகிறது. அரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும். கண்ணை மூடித் திறக்கச் சொல்லுவார்கள், மூன்று நிமிஷம் வேகமாய் மூச்சு வாங்கி விடச் சொல்லுவார்கள், விளக்கை மின்னி மின்னிக் காட்டுவார்கள். வலி இல்லை, மயிரைச் சிரைக்க வேண்டியதில்லை. முதல்நாள் தலை முழுகி, எண்ணெய் தடவாமல் போக வேண்டும். இரவு குறைவாகத் தூங்கி வரச் சொன்னால் அப்படியே செய்ய வேண்டும். தூக்கத்தில்தான் சில கோடுகள் வெளியே வரும். மாத்திரையை மாத்திரம், டாக்டர் சொன்னாலொழிய, சோதனைக்காக நிறுத்தக் கூடாது.

இங்கே ஒரு விஷயம் கண்டிப்பாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேயை ஓட்டிவிட்டு அந்தப் பீடத்தில் கருவியை உட்கார வைக்கிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். கோட்டுக் காகிதத்தை ஜாதகக் கட்டம்போல் மடியில் வைத்துக்கொண்டு, ‘ஈ.ஈ.ஜி.யில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, ஆகவே வியாதி இல்லை’ என்று மாத்திரையைத் தூக்கி எறிகிறார்கள். இது தவறு. வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே முதல் சோதனையில் கோடு மாறிக் காட்டுவது ஏறக்குறையப் பாதிப்பேருக்குத்தான். அரை மணி நேரம் கடலைப் பார்த்துவிட்டு, இந்தக் கடலில் புயலே கிடையாது என்று தேவனாம்பட்டினத்தில் யாராவது சொல்லுவார்களா? அதேமாதிரி, ஒருக்காலும் வலிப்பே வராத நூறு பேரைச் சோதித்தால் ஒருவருக்கு இப்படிப்பட்ட கோடு வந்தாலும் வரலாம். கோட்டுக்கு வைத்தியம் கிடையாது, ஆளுக்குத்தான் வைத்தியம்.

அப்படியானால் டாக்டர் எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்? பெரும்பாலும் பார்த்தவர் சொல்லுவதைக் கொண்டு. விழுந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் அப்போது இல்லாதவன் மாதிரி. பக்கத்திலிருந்த தாயார், மனைவி, டீக்கடைக்காரர் இவர்கள்தான் சாட்சி. முதலில் எந்தக் கை வெட்டிற்று, கண் எந்தப்பக்கம் திரும்பிற்று, எவ்வளவு நேரம், நாக்கைக் கடித்தானா, எழுந்தபின் பேச்சுக் குழறிற்றா என்று டாக்டர் கேட்பார். நம்மவர்கள் போய், ‘என்னமோ வந்ததுங்க’ என்கிறார்கள். இப்போது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் செல்போன் இருக்கிறது. ஊர்வம்பையெல்லாம் படம் பிடிக்கிற நீங்கள், வீட்டார் சம்மதத்தோடு இதையும் பிடித்து டாக்டரிடம் மாத்திரம் காட்டுங்கள். ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். நல்ல சாட்சியும் ஈ.ஈ.ஜி.யும் சேர்ந்தால் பெரும்பாலும் வழக்கு முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் திடீர் திடீரென்று பத்து நொடி விழித்துக்கொண்டிருக்கிற பிள்ளையைக் ‘கனவு காணுகிறான்’ என்று அடிக்கிற உபாத்தியாயர்களும் இந்தச் சாட்சியைச் சொல்லலாம். பிரம்பை வைத்துவிட்டுத் தாய் தகப்பனைக் கூப்பிட்டுச் சொன்னால் போதும்.

காரணம் என்னவென்று கேட்பீர்கள். பலருக்கு இன்னதென்று அகப்படுவதில்லை. பிரசவத்தில் மூச்சு முட்டின பிள்ளைகள், மூளைக்காய்ச்சல் கண்டவர்கள், தலைக்கவசமில்லாமல் மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், சில குடும்பங்களில் பிறவியிலேயே அந்த வாகு உள்ளவர்கள் என்று பலவகை. நம் நாட்டில் பெரிய காரணம் ஒன்று நாடாப்புழு. வேலூர்க் கணக்கில் வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் இந்தப் புழுவின் கட்டிதான் காரணமாக இருந்தது. சரியாய் வேகாத பன்றி இறைச்சி தின்றவன் குடலில் புழு வளருகிறது. அவன் வெட்டவெளியில் மலங்கழித்தால் முட்டை மண்ணிலும் தண்ணீரிலும் கீரையிலும் சேருகிறது. கழுவாத கீரையையோ கழுவாத கையையோ வாயில் வைத்தவன் மூளைக்குப் போகிறது. ஆகவே பன்றியைக் கண்ணாலும் பாராத சுத்த சைவர் மூளையிலும் அது குடியிருக்கும். மந்திரத்துக்கு அசையாத இந்தப் புழு சோப்புக்கும் கக்கூசுக்கும் பயப்படுகிறது.

வைத்தியத்துக்கு வருகிறேன். 1857-இல் பொட்டாசியம் புரோமைடு என்னும் உப்புதான் முதலில் ஓரளவு பலித்த மருந்து. 1912-இல் பினோபார்பிட்டோன், 1938-இல் பெனிட்டாயின், பிறகு கார்பமசெபின், வால்ப்ரோயேட், லெவிடிராசிட்டம் என்று வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றில் பழைய மருந்துகள் மிகவும் மலிவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமலே கொடுக்கிறார்கள். சரியாகச் சாப்பிட்டால் நூற்றுக்கு எழுபது பேர் வரையில் வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. அதே ஸ்தாபனம், ஏழை நாடுகளில் நோயாளிகளில் நாலில் மூன்று பங்குப்பேருக்கு வேண்டிய வைத்தியம் கிடைப்பதில்லை என்றும் சொல்லுகிறது. எழுபது பேர் குணமாகிற மருந்து காசில்லாமல் இருக்க, அது எட்டாமல் பத்தாயிரக்கணக்கில் தாயத்துக்குச் செலவழிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன என்றால் இதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

மாத்திரை தின்கிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, ஆறு மாதம் வராமல் இருந்தவுடன் நின்றுவிட்டது என்று தாங்களே நிறுத்துவது. வராமலிருப்பதே மாத்திரையால்தான். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுக்கடுக்காக வந்து உயிருக்கே முடியும். பொதுவாக இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் ஒருதரம்கூட வராமலிருந்த பிறகு, டாக்டர் பார்த்து, ஈ.ஈ.ஜி.யையும் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தலாமா என்று முடிவு செய்வார். சிலருக்கு ஆயுள் முழுவதும் வேண்டியிருக்கும். சோறு ஆயுள் முழுவதும் தின்கிறோம், அதற்கு யாரும் அழுவதில்லை.

மருந்துக்கும் அடங்காதவர்களில் சிலருக்கு அறுவை வைத்தியம் இருக்கிறது. இதற்கு நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. கனடாவில் பென்பீல்டு என்னும் மேதையிடம் படித்துவந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூரில் மூளை அறுவை இலாகாவைத் துவக்கி, 1952-இல் அங்கேயே வலிப்புக்கு அறுவை செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஸ்தாபனத்தில் 1995 முதல் இதற்கென்றே தனிப்பகுதி வேலை செய்கிறது. எந்த இடத்திலிருந்து புயல் கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க, நாள்கணக்கில் ஈ.ஈ.ஜி.யும் வீடியோவும் சேர்த்து ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அங்கேதான் இந்தக் கருவியின் முழு யோக்கியதையும் தெரியும். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. சிதம்பரத்தில் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் துவங்கியது 2021 முதல் சுகாதார இலாகாவின் கீழ் நமது மாவட்டத்து அரசாங்க மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. தேருக்கும் தரிசனத்துக்கும் போகிறவர்கள் அதே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கும் போகலாம், டிக்கெட் ஒன்றுதான்.

இதற்கு மாறாக என்ன செய்கிறோம்? பைத்தியத்தையும் வலிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, கோவில், தர்கா, மாதா கோவில் என்று மதபேதமில்லாமல் கொண்டுபோய் விடுகிறோம். இந்த ஒரு விஷயத்தில்தான் நம் நாட்டில் சமரசம் பூரணமாக இருக்கிறது. ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், தனியார் நடத்திய ஒரு மனநோயாளிக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து மாண்டார்கள். கொண்டுபோய் விட்டவர்கள் அன்பினால்தான் விட்டார்கள் என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆண்பிள்ளைக்கு வலிப்பு என்றால் ‘கல்யாணம் செய்து வைத்தால் சரியாய்ப் போகும்’ என்கிறார்கள். பெண்ணுக்கு என்றால் ஆயிரம் பொய் சொல்லி மறைத்துக் கட்டிக்கொடுக்கிறார்கள். மறைக்க வேண்டி அவள் புகுந்த வீட்டில் மாத்திரையை நிறுத்துகிறாள். நிறுத்தியதால் பத்தாம் நாள் அடுப்படியிலேயே விழுகிறாள். ஏமாற்றினாள் என்று பிறந்த வீட்டுக்குத் துரத்துகிறார்கள். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதை. சட்டமும் வெகுநாள் குழி பறித்துக்கொண்டுதான் இருந்தது. சுயமரியாதைத் திருமணத்தை 1967-இல் நம் ராஜ்ஜியம் சேர்த்துக்கொண்ட அதே இந்து திருமணச் சட்டத்தில், 1976-இல் செய்த திருத்தத்தின்படி, அடிக்கடி வலிப்பு வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர். அந்தக் காரணத்தால் கல்யாணத்தை ரத்து செய்யலாம் என்றிருந்தது. 1999-இல் அந்த வார்த்தையை எடுத்துவிட்டார்கள். ஆனால் கால் நூற்றாண்டாகியும் நம் பெரியவர்கள் வாயிலிருந்து எடுபடவில்லை. வலிப்புள்ள பெண் கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம்; பெரும்பாலோர் நல்ல பிள்ளையே பெறுகிறார்கள். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்து வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பதால், கருத்தரிக்கும் முன்னமே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும், போலிக் அமில மாத்திரையும் சாப்பிட வேண்டும். முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால் கட்டிக்கொண்டவனுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே பெண் பார்க்க வரும்போதே சொல்லுங்கள். ஜாதகம் கேட்கிறவனிடம் மருந்துச் சீட்டைக் காட்டினால், ஓடுகிறவன் அன்றைக்கே ஓடிவிடுவான், அதுவும் லாபம்தான்.

கடைசியாக, நம் கடற்கரைக்கு உரிய சங்கதி. வலிப்பு அடங்காதவர் தனியாகக் கடலில் தொழிலுக்குப் போகலாகாது. கிணற்றடியிலும் குளத்திலும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். விறகடுப்பைத் தாழ வைத்துக் குனிந்து சமைக்கலாகாது. வியாதி கொல்லுவதைவிடத் தண்ணீரும் நெருப்பும் எளிதில் கொன்றுவிடுகின்றன. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயல் அடித்தபோதும், 2015 வெள்ளத்தின்போதும் நம் ஊர்கள் எத்தனை நாள் துண்டுபட்டுக் கிடந்தன என்பது உங்களுக்குத் தெரியும். அரிசி மூட்டை வந்து சேரும், மாத்திரை வந்து சேராது. ஐப்பசி பிறக்குமுன்னே பதினைந்து நாள் மாத்திரையும் மருந்துச் சீட்டும் ஈரம் படாமல் ரேஷன் கார்டோடு ஒரே பையில் கட்டி வையுங்கள்.

இனி உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமானால் கேளுங்கள். கூச்சப்படுகிறவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். பெயர் எழுத வேண்டியதில்லை.